முழம், சாண், நாலு விரல்

அத்தியாயம் 9

“ரொம்ப மரியாதை தெரிஞ்ச விஷம் இது,” என்றாள் ஹிகாசா. “பெருசுகளை மட்டும் கொன்னிருக்கு. சின்னதுகளைத் தொடக்கூட இல்ல.”

மனாபேயின் நிலத்தில், செத்துக்கொண்டிருந்த ஒரு பைன் மரத்தடியில் அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஷிகே அவள் தலைக்குக் குடை பிடித்தான். மழை அவன் முதுகில் விழுந்தது.

“உங்களுக்குக் கிண்டலா இருக்கு. சாயங்காலம் எங்க அக்கா ஜெயிலுக்குப் போகப் போறா.”

“அதனாலதான் வேகமா பார்க்கறேன். குடையை ஒழுங்காப் பிடி.”

தகமாட்சு நகரத்தில் ஹிகாசா தனியாளாகத் துப்பறியும் அலுவலகம் நடத்தினாள். முன்பு ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் பொய் சொல்பவர்களைக் கண்டுபிடிப்பது அவள் வேலை. ஐம்பது வயதில் அதை உதறிவிட்டு அதே வேலையைச் சொந்தமாகச் செய்தாள். ஓட்டுநர், எடுபிடி, வாயாடி மூன்றுமாக அவளிடம் இருந்தவன் ஷிகே. இத்தனை வருடத்தில் அவனே ஒரு வழக்கைக் கொண்டுவந்தது இதுதான் முதல் தடவை.

கமிதானி கிராமத்தில் நெல்லைப்போலப் பைனும் விளைகிறது. தொட்டிக்குப் போய்க் குட்டி மரமாக நிற்பதற்கு முன் ஒவ்வொரு கரும்பைனும் பல வருடம் மண்ணில் இருந்து அடிமரம் பருக்க வேண்டும். பிறகு ஏற்றுமதி ஆய்வாளர் வந்து நோயில்லை என்று எழுதிக் கொடுத்தால் கப்பலேறி வெளிநாடு போகும். அந்த ஊரிலேயே பெரிய தோட்டம் மனாபேயுடையது. தோட்டக்காரர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். அவர் மரங்கள் இந்த வசந்தத்தில் வரிசை வரிசையாகப் பழுத்துப் போயின. விஷம் வைத்துவிட்டார்கள் என்றார்கள். யார் என்றும் சொன்னார்கள். ஷிகேயின் அக்கா நமியே. குளிர்காலத்தில் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பழைய ஊசியிலை பறிக்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. இந்தக் குளிர்காலம் மனாபே அவள் ஆட்களைக் கூப்பிடவில்லை. நடுத்தெருவில் இரண்டு பேருக்கும் பெரிய வாய்ச்சண்டை.

அதெல்லாம்கூடப் பரவாயில்லை. நமியே மறுக்கவில்லை. இன்று சாயங்காலம் சங்கக் கட்டிடத்தில் போலீஸ்காரர் முன்னால் “நான்தான் விஷம் வைத்தேன்” என்று சொல்லப்போகிறாள். ஏன் என்று கேட்கப் போன தம்பியின் முகத்தில் கதவைச் சாத்திவிட்டாள்.

ஹிகாசா ஒரு கிளையை வளைத்தாள். “பழுப்பா இருக்கறதெல்லாம் போன வருஷத்து ஊசி. நுனியில நிமிர்ந்து நிக்குதே குருத்து, அது இந்த வருஷத்துது. எப்படி இருக்கு?”

“பச்சையா இருக்கு.”

“வேர்ல விஷம் ஏறினா முதல்ல கருகறது குருத்துதான். இந்த விஷம் மட்டும் வயசு பார்த்துக் கொல்லுதாம். சரி, உன் காலடியில என்ன?”

ஷிகே குனிந்தான். புல். அவன் கெண்டைக்கால் வரை செழிப்பாக வளர்ந்திருந்தது.

“களைக்கொல்லி ஊத்தினாங்கன்னு சொல்றாங்க. மரம் செத்துப்போச்சு, களை பிழைச்சுக்கிச்சு. கடைக்காரன் மேல கேஸ் போட வேண்டியதுதான்.”

ஷிகே சட்டென்று நிமிர்ந்தான். “அப்போ விஷமே இல்லையா?”

“நோய். ஊசியிலைக்குள்ள புகுந்து தின்னற பூஞ்சை. போன மழைக்காலத்துல நுழைஞ்சது இப்பத்தான் முகத்தைக் காட்டுது. ஆனா ஒரு வருஷ நோய்க்கு மரம் இவ்வளவு மெலியாது. பல வருஷமா உள்ள இருந்திருக்கணும். எத்தனை வருஷம்னு மரமே சொல்லியிருக்கும். சொல்ற வாயைத்தான் யாரோ வெட்டிட்டாங்க.”

அவள் விரல் நீட்டிய இடத்தில், மரத்தின் உச்சியில், பச்சையாக ஒரு வெட்டு. பிசின் வழிந்து பால் மாதிரி உறைந்திருந்தது. பக்கத்து மரத்திலும் அதே வெட்டு, அதற்கடுத்த மரத்திலும்.

ஷிகே அந்த ஊரில் பிறந்தவன். அது அவனுக்கே கண்ணை உறுத்தியிருக்க வேண்டும். அடிமரம் பருப்பதற்காக ஒரு கொம்பை மட்டும் தலைக்கு மேலே இஷ்டத்துக்கு வளர விடுவார்கள். பலிக்கொம்பு என்று அதற்குப் பெயர். அது உயர உயர அடி பருக்கும். வேலை முடிந்ததும் வெட்டி எறிவார்கள், ஆனால் வெட்டுவது குளிர்காலக் கடைசியில். குருத்து ஓடுகிற மே மாதத்தில் புத்தியுள்ள எவனும் ரம்பத்தைத் தொடமாட்டான்.

“யார்றா அது என் நிலத்துல?”

மனாபே மழைக்கோட்டோடு வரப்பில் நின்றார். அகலமான உடம்பு. கண் மட்டும் தூக்கமில்லாமல் உள்ளே போயிருந்தது.

“நமியே தம்பிதானே நீ? அக்கா பண்ணின வேலையைப் பார்க்க வந்தியா?”

“வணக்கம் மனாபே சான். பலிக்கொம்பெல்லாம் எங்க?” என்றாள் ஹிகாசா.

“சாகற மரத்துக்குக் கொம்பு எதுக்கு? வெட்டி எரிச்சிட்டேன்.”

“இந்த மழையிலயா?”

“எரிச்சேன்னா எரிச்சேன். போங்க வெளிய.”

குட்டி லாரியில் ஏறியதும் ஹிகாசா கண்ணாடியைத் துடைத்தாள். “பச்சைப் பைனை எரிச்சா புகை மலை தாண்டித் தெரியும். யாரும் புகை பார்க்கலை. இந்த ஊர்ல பைன் கட்டையை யார் வாங்குவா?”

“யாரும் வாங்க மாட்டாங்க. சும்மா கொண்டுபோய்ப் போடுவாங்க.” ஷிகே ஏற்கெனவே வண்டியைத் திருப்பியிருந்தான். “உதோன் கடை ஓச்சி. அவர் மட்டும்தான் இன்னும் விறகுல நூடுல்ஸ் வேக வைக்கிறார். கேஸ் அடுப்புல வெந்தா ரப்பரை மெல்லற மாதிரி இருக்குமாம்.”

“இருக்குமா?”

“தெரியாது. அவர் வாயை மூட வைக்க இதுவரைக்கும் யாராலயும் முடியலை.”

கடையில் ஆவி. ஓச்சி கொதிக்கிற அண்டாவுக்குப் பின்னால் வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தார். ஷிகேயைப் பார்த்ததும் ஒரு விநாடி கை நின்றது.

“அக்கா விஷயம் கேள்விப்பட்டேன். சாப்பிட்டுப் போ. இன்னிக்கு உனக்குக் காசு வேண்டாம்.”

“காசு வேண்டாம்னு நீங்க சொன்னா அக்காவுக்குத் தூக்குத் தண்டனைதான்னு எனக்குப் புரியுது ஓச்சி சான். பின்னாடி விறகைக் கொஞ்சம் பார்க்கலாமா?”

“விறகுல என்ன இருக்கு பார்க்க? எல்லாம் பச்சை. அடுத்த வருஷம்தான் எரியும். இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு. வேண்டாம்னு சொல்ல முடியுதா?”

கொல்லையில் தகரக் கூரைக்கு அடியில் பலிக்கொம்புகள் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன. பிசின் வாசனை மூக்கைத் துளைத்தது. ஹிகாசா ஒரு கொம்பை உருவித் தரையில் கிடத்தினாள். கிட்டத்தட்ட ஆளுயரம் இருந்தது.

“உங்க ஊர்க்காரங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்ல. பைன் வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஏறும். ஏறி நின்ன இடத்துல சுத்திலும் கிளை விடும். ஒரு சுத்துக் கிளைக்கும் அடுத்த சுத்துக்கும் நடுவுல இருக்கறது ஒரு வருஷ வளர்ச்சி. அடியிலேர்ந்து அளந்துட்டு வா.”

ஷிகே மண்டியிட்டு முழங்கையை வைத்து அளந்தான். “முழம். அடுத்ததும் முழம். மூணாவது முழத்துக்குக் கொஞ்சம் மேல.” நகர்ந்தான். “இது ஒரு சாண்தான். அடுத்தது… அரைச் சாண்.” கொம்பின் நுனிக்கு வந்தபோது அவனுக்குக் கையை மடக்க வேண்டியிருந்தது. “நாலு விரல்.”

“ஊசியிலைதான் மரத்துக்குச் சமையல்கட்டு. நல்ல பைன் ரெண்டு மூணு வருஷத்து ஊசியை வெச்சுக்கிட்டுச் சமைக்கும். பழைய ஊசியையெல்லாம் பூஞ்சை தின்னுட்டா ஒரே ஒரு அடுப்பு. அரை வயிறு. இப்போ சொல்லு, மரம் எப்போலேர்ந்து பட்டினி?”

“மூணு வருஷமா.” அவன் எழுந்தான். “சண்டை வந்தது இந்தக் குளிர்காலம். மரம் பட்டினி கிடக்க ஆரம்பிச்சது மூணு வருஷம் முன்னாடி. அக்கா பண்ணலை! ஹிகாசா சான், அக்கா பண்ணவே இல்ல!”

கொம்பைத் தோளில் தூக்கிக்கொண்டு அங்கேயே சுற்றி வந்தான். ஓச்சி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஹிகாசா மட்டும் அசையவில்லை. அடுக்கின் முன்னால் நின்று கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஷிகே, மனாபே எதுல கட்டுவார்?”

“கறுப்புப் பனைநார்க் கயிறு. பெரிய மனுஷன் இல்லையா.”

“அப்போ இந்த வைக்கோல் கயிறு யாருது?”

அவன் நின்றான். “அது மேலத்தெரு தோட்டம்.”

“செப்புக் கம்பி?”

“கோயில் பக்கத்துத் தோட்டம்… மரத்தை வளைச்சுக் கட்டற கம்பியிலயே விறகையும் கட்டுவாங்க. கஞ்சப் பிசினாறிங்க.”

“மஞ்சள் பிளாஸ்டிக் நாடா?”

அவன் தோளில் இருந்ததைக் கீழே போட்டான். ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு கொம்பை உருவினான். வைக்கோல் கயிற்றில் முழம், சாண், நாலு விரல். செப்புக் கம்பியிலும் அதேதான். மஞ்சள் நாடாவில் கடைசி வருடம் மூன்று விரல்கூட இல்லை.

ஊர் முழுக்க.

“ஓச்சி சான்!” அவன் கத்தினான். “இதெல்லாம் எப்போ வந்தது?”

“போன வாரம்,” என்றார் ஓச்சி உள்ளிருந்தே. “எல்லாரும் ஒரே நாள். ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பார்க்காம இறக்கிட்டுப் போனானுங்க. சாவு வீட்டுக்கு வந்த மாதிரி.”

அடுக்கின் அடியில் ஒரு சின்னக் கட்டு இருந்தது. ஏழெட்டுக் கொம்பு. நீலத் துணிக் கிழிசலில் கட்டியிருந்தது, வெள்ளை அலை போட்ட தலைத்துண்டு. பறிக்கிற பெண்கள் ஆளுக்கொரு நிறம் கட்டுவார்கள். நீலமும் வெள்ளை அலையும் யாருடையது என்று ஷிகேவுக்குச் சொல்ல ஆள் வேண்டியதில்லை. வீட்டுக்குப் பின்னால் நமியேவுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது.

“அவளும் வெட்டியிருக்கா,” என்றாள் ஹிகாசா. “அவளுக்குத் தெரியும். வண்டியை எடு.”

சங்கக் கட்டிடத்தில் பத்துப் பதினைந்து ஆண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. நமியே சுவரோரம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். நல்ல உடை உடுத்தியிருந்தாள். போலீஸ்காரர் இன்னும் வரவில்லை.

ஹிகாசா கொம்புகளைப் பாயின் நடுவில் போட்டாள். ஈரம் தெறித்தது.

“நாளைக்குக் காலையில ஏற்றுமதி ஆய்வாளர் வரார். நோய்னு அவர் எழுதிட்டா இந்த ஊர் மரம் ஒண்ணுகூடக் கப்பல் ஏறாது. அதனால பழுத்த ஊசியைப் பறிச்சிட்டீங்க. வளர்ச்சியைக் காட்டற கொம்பை வெட்டிட்டீங்க. மனாபே சான் தோட்டத்தை மட்டும் மறைக்க முடியலை. அங்க பழுத்ததைப் பறிச்சா மரத்துல ஒண்ணும் மிஞ்சாது. அதுக்கு ஒரு விஷம் வேணும். விஷத்துக்கு ஒரு ஆள் வேணும்.”

யாரும் மறுக்கவில்லை. அதுதான் ஷிகேயை அடித்தது. ஒருவராவது எழுந்து கத்துவார் என்று எதிர்பார்த்திருந்தான்.

“நாற்பது குடும்பம்,” என்றார் மனாபே மெதுவாக. “நான் ஒருத்தன் அழிஞ்சா போதும்னு என் தோட்டத்தைக் கொடுத்தேன். இன்னிக்கு ராத்திரியே முழுசாக் கொளுத்தப் போறேன்.”

“உங்க மரத்தை நீங்க கொடுத்தீங்க. எங்க அக்காவை எதுக்குக் கொடுத்தீங்க?” என்றான் ஷிகே.

“யாரும் கொடுக்கலை.” நமியேயின் குரல். “நானா வந்தேன்.”

“ஏன்க்கா?”

“பறிச்ச ஊசியை நாங்க என்ன பண்ணுவோம்?”

ஷிகேவுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். மூட்டை கட்டிக்கொண்டுபோய் அடுத்த தோட்டத்தில் மரத்தடியில் பரப்புவார்கள். களை குறையும், ஈரம் நிற்கும். நமியேயின் ஆட்கள் கூலி வாங்காமல் செய்த உபகாரம் அது. அதனால்தான் எல்லாரும் அவர்களையே கூப்பிட்டார்கள். மூன்று குளிர்காலமும் பரப்பினார்கள். பறிக்க மரத்தில் பழைய ஊசி மிஞ்சாமல் போனதால்தான் இந்த வருடம் மனாபே கூப்பிடவில்லை. ஊசி பரப்பாமல் விட்ட இடத்தில் களை பிடித்துக்கொண்டது.

“உதிர்ந்த ஊசியிலதான் அந்தப் பூஞ்சை பழுக்குது,” என்றாள் நமியே. “மழை வந்ததும் மேல ஏறுது. மனாபே சான் யாரையோ கேட்டுட்டு வந்து சொன்னார். தோட்டம் தோட்டமா நான்தான் தூக்கிட்டுப் போனேன்டா. என் கையால.”

ஷிகே ஹிகாசாவைத் திரும்பிப் பார்த்தான். இல்லை என்று சொல்வாள் என்று நினைத்தான்.

“உண்மைதான்,” என்றாள் ஹிகாசா. “அவ கொண்டுவந்தா. நீங்க எல்லாரும் வாங்கிப் போட்டீங்க. ஆனா அது குற்றம் இல்ல, அறியாமை. அறியாமைக்கு ஜெயில் கிடையாது. அப்புறம் இன்னொண்ணு. போலீஸ் மண்ணை எடுத்துச் சோதிப்பாங்க. விஷம் இருக்காது. உங்க கதை நாளைக்கே கிழியும்.”

“கிழியாது,” என்றாள் நமியே. “இன்னிக்கு விடியறப்போ ஊத்திட்டேன்.”

யாரோ கிண்ணத்தைத் தவறவிட்டார்கள். மனாபேயின் வாய் திறந்தபடி நின்றது.

“நமியே… அதை நான் கேட்கலையே.”

“நீங்க எதையும் முழுசா யோசிக்கறதில்ல மனாபே சான்.”

ஹிகாசா முதல் தடவையாகப் பதற்றத்தோடு பேசினாள். “அப்போ நாலைஞ்சு நாள்ல அந்தப் புல் கருகும், குருத்தும் கருகும். அதுக்கப்புறம் எது முதல்ல செத்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ராத்திரி இவர் கொளுத்தறதுக்கு முன்னாடி, புல்லும் குருத்தும் பச்சையா இருக்கறப்பவே ஆய்வாளர் பார்த்தாகணும். பார்த்துட்டார்னா, மரத்தைக் கொன்னது விஷம் இல்லன்னு தெரிஞ்சுபோகும். அவர் தகமாட்சுவுலதான் தங்கியிருக்கார். இப்போ கூப்பிட்டா கால் மணி நேரத்துல வந்துடுவார்.” கைபேசியில் அவர் எண்ணை எடுத்து நீட்டினாள். “வழக்கைக் கொண்டுவந்தவன் நீ, ஷிகே. கூப்பிடறதும் விடறதும் உன் இஷ்டம்.”

மனாபே பாயில் இரண்டு கையையும் ஊன்றினார். ஊரே எழுந்து நின்று வணங்குகிற மனிதர், நெற்றி பாயில் படக் குனிந்தார். ஷிகேயை நோக்கி. ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் குனிந்தார்கள். அவனுக்குத் தெரிந்தது வெறும் முதுகுகள்தான். இதில் பாதிப் பேர் அவனைச் சின்ன வயதில் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர்கள்.

“நீ கூப்பிட்டா அப்புறம் எனக்குத் தம்பி கிடையாது,” என்றாள் நமியே.

அவன் எண்ணை அழுத்தினான்.

பேசி முடிக்கும்போதுதான் கவனித்தான், சுவரோரம் ஆள் இல்லை. வாசலில் மாட்டியிருந்த புல் அரிவாளும் இல்லை.

“புல்லை அறுக்கப் போயிட்டா! ஓடு!” என்றாள் ஹிகாசா.

அவன் செருப்பில்லாமல் ஓடினான். வரப்பில் இரண்டு தடவை விழுந்தான். மனாபேயின் நிலத்தில் நமியே நல்ல உடையோடு சேற்றில் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தாள். பழகிய கை. ஒரு வரிசை ஏற்கெனவே மொட்டையாகியிருந்தது. குருத்துகளை உடைத்து எறிந்திருந்தாள்.

“அக்கா, விடு!”

“கிட்ட வராத.”

பிடுங்கப் பார்த்தால் யாருக்காவது வெட்டு விழும். வேறு வழி தெரியவில்லை. அவளுக்கு முன்னால் போய்ப் புல்லின் மேல் நீட்டிப் படுத்துவிட்டான்.

“எழுந்திரு.”

“மாட்டேன்.”

அவள் அடுத்த வரிசைக்குத் தாண்டினாள். அவனும் சேற்றில் உருண்டு அடுத்த வரிசைக்குப் போனான்.

“எருமை! எழுந்திருடா! அறுத்துடுவேன்!”

“அறு. என்னையும் சேர்த்து மூட்டை கட்டு.”

அவள் மூன்றாவது வரிசைக்குப் போனாள். அவனும் உருண்டான். முகம் சேற்றில் புதைந்தது. வாய்க்குள் மண் போனது, கசந்தது. துப்பினான்.

அவளுடைய கை நின்றது.

“ஷிகே.” குரல் மாறியிருந்தது. “அங்கதான்டா ஊத்தினேன். அந்த வரிசையிலதான். வாயில போச்சா?”

“தெரியல.”

“கண்ணுல?”

“எரியுது.”

அரிவாள் எங்கேயோ போய் விழுந்தது. அவன் சட்டைக் காலரைப் பிடித்து அவள் இழுத்த இழுப்பில் கழுத்து நெரிந்தது. வரப்போரம் இருந்த தண்ணீர்க் குழாய் வரை தரதரவென்று இழுத்துப் போனாள். குழாயைத் திறந்து அவன் முகத்தில் பீய்ச்சினாள்.

“கொப்பளி. முழுங்காத. இன்னொரு தடவை. அறிவுகெட்ட மூதேவி, படுக்கறதுக்கு உனக்கு வேற இடமே கிடைக்கலையா? கண்ணைத் திற. திறன்னு சொல்றேன்ல!”

அவன் திறந்தான். தண்ணீருக்கு நடுவே ஒரு வெள்ளைக் கார் நிலத்தோரம் வந்து நிற்பது மங்கலாகத் தெரிந்தது. கோட்டுப் போட்ட ஒருவர் இறங்கினார். ஹிகாசா குடையோடு அவரை அறுபடாத வரிசைகளுக்கு அழைத்துப் போனாள். அவர் குனிந்து புல்லைத் தொட்டார், பிறகு நிமிர்ந்து ஒரு குருத்தை.

நமியேயும் பார்த்தாள். குழாயை நிறுத்தவில்லை.

“சட்டையைக் கழட்டு,” என்றாள். “கழுத்தைத் திருப்பு. காதுக்குள்ள எல்லாம் சேறு.”